முள் இறங்கிய நாள்

ஆழ்துளைக் கிணறு போடுகிற நம் போர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பம்பு படுத்துவிட்டால் என்ன சார் செய்வது?" பம்பு படுத்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அது போடுகிற சத்தத்துக்கு ஊரே கூடிவிடும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், அதில் ஏதாவது ஒன்று பலித்தும் விடும். முப்பத்திரண்டு வருஷத்தில் பம்பு கெட்டுப்போய் எனக்கு வந்த துன்பம் சொற்பம். பம்பு சுகமாக ஓடியதால் வந்த துன்பம்தான் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ரிட்டயரான பிறகு பொய் சொல்லிப் பதவி உயர்வு வாங்க வழியில்லாததால், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இரும்பெல்லாம் துப்பாக்கிக்கும் எண்ணெயெல்லாம் பட்டாளத்து லாரிக்கும் போய்விட்டதால், எங்கள் பிரிவுக்கு மிஞ்சியது ஒரு பழைய போர் மிஷின், ஒரு ஆயில் எஞ்சின், ஒரு பம்பு, ஒரே ஒரு செட் ராடு. ராடு என்றால் உள்ளே ஓட்டையுள்ள பத்தடி இரும்புக் குழாய். ஒன்றோடு ஒன்றைத் திருகி நீட்டிக்கொண்டே போக வேண்டும். அடியில் பாறையை அறுக்கிற பிட்டு, அதுவும் ஒன்றே ஒன்று. எது போனாலும் மதுரை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே எங்களுக்கு முன்னால் ராணுவ வேலைகள் வரிசையில் நிற்கும்.

திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகிற பாதையில் ஒரு கரிசல் கிராமத்துக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றும், நாற்பது பெண்கள் தங்கிப் படிக்கிற விடுதியும் இருந்தன. இரண்டு வருஷம் மழை பொய்த்து விடுதிக் கிணறு வற்றிவிட்டது. நாலு மைல் தூரத்திலிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் விடுதியை மூடிவிடுவது என்று மதுரையில் இருந்த கமிட்டிக்காரர்கள் தீர்மானம் போட்டுவிட்டார்கள். விருப்பமுள்ள பெண்கள் மதுரைக்கு வந்து படிக்கலாமாம். அந்த ஊர்த் தகப்பன்மாருக்கு மகளை மதுரைக்கு அனுப்புவதைவிட மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது சுலபம் என்பது கமிட்டிக்குத் தெரியாது. தலைமையாசிரியைக்குத் தெரியும். அந்த நாற்பது பேரையும் வீடு வீடாகப் போய் நின்று கேட்டு வாங்கி வந்தவர் அவர்தான்.

அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. சயின்ஸ் பாடமும் அவரே எடுப்பார். ஊர் முழுக்க அவரை டீச்சரம்மா என்றது. நாங்கள் மிஷினை இறக்கிய அன்றே வந்து கேட்டார்.

"மிஸ்திரி, தண்ணி வருமா?"

"நம்ம கையில என்ன இருக்கு டீச்சர், ஆண்டவன் விட்ட வழி."

"ஆண்டவன்கிட்ட நான் கேட்டுக்கிறேன். மிஷினப் பத்தி மட்டும் நீங்க சொல்லுங்க."

அன்றைக்கே எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்காமல் போயிற்று.

தண்ணீர் கிடைத்தால் ஊருக்கும் பங்கு உண்டு என்று டீச்சர் சொல்லியிருந்ததால், வேலை தொடங்கிய நாளில் கிராம முன்சீப் மேளத்தோடு வந்துவிட்டார். டீச்சர் ஜெபம் செய்தார். முன்சீப் தேங்காய் உடைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கோத்த தடித்த நூலைக் காப்பாகக் கட்ட இடம் தேடினார். மிஷினுக்கு மேலே மூன்று காலில் நின்ற மரக்கம்பத்தில் கட்டச் சொன்னேன்.

"கம்பத்துக்கு எதுக்கு மிஸ்திரி காப்பு? பூமிக்குள்ள போறவனுக்குல்ல கட்டணும்" என்றார் முன்சீப். முதல் ராடும் இரண்டாவது ராடும் சேர்கிற மூட்டு அவருக்கு மணிக்கட்டு மாதிரி தெரிந்தது. பாதி முறுக்கியிருந்த அந்த மூட்டின் இடுக்கிலேயே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "தண்ணி வந்தப்பறம் நானே வந்து அவுக்கிறேன். அதுவரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாது."

காப்புக் கட்டினால் காரியம் முடியும்வரை அவிழ்ப்பதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். டீச்சர் ஆட்சேபிப்பார், பழி அவர்மேல் போகும், நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவரைப் பார்த்தேன். அவரோ, "கட்டட்டும், அவங்க நம்பிக்கை" என்று சொல்லிவிட்டார். பம்பு ஓட்டுகிற மாயாண்டி என் காதருகில் வந்தான்.

"அண்ணே, நூலு மேல முறுக்குனா மூட்டு கடைசி வரைக்கும் உக்காராதுண்ணே."

"ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதுக்குடா? முறுக்கு."

நூலை எடுத்துக் கம்பத்தில் கட்டிவிட்டு முன்சீப்பிடம் பணிவாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு மதத்தையும் ஒரே ராடில் அனுசரித்துப் போன என் சாமர்த்தியத்தில் நானே சொக்கிப் போயிருந்தேன். ராடுகளை மேலே தூக்கும்போது இரண்டிரண்டாகத்தான் கழற்றுவோம். அதனால் நடுவில் இருந்த அந்த மூட்டை அதற்குப் பிறகு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது காற்றை ஊதிப் பாறையைத் துளைக்கிற வண்டிகள் உங்களுக்கு வந்துவிட்டன. எங்களுக்கு எல்லாம் தண்ணீர்தான். பம்பு தண்ணீரை ராடுக்குள் தள்ளும். அது அடிவரை போய், பிட்டைக் குளிரவைத்து, அறுத்த பாறை மாவைச் சுமந்துகொண்டு ராடுக்கு வெளிப்புறமாக மேலே வரும். பக்கத்தில் வெட்டிய குழியில் வண்டல் தங்கியதும், தெளிந்த தண்ணீரை மறுபடி உள்ளே தள்ளுவோம். பம்பு கொடுக்கிற அழுத்தம் முழுவதும் அடிக்குப் போய்ச் சேராது. நாலு மைல் பீப்பாய் வண்டியில் வருகிற தண்ணீர் வழியெல்லாம் சிந்திக் குறைகிற மாதிரி, அழுத்தமும் வழி நெடுக உராய்வில் குறையும், பிட்டின் குறுகலான வாயில் இன்னும் அதிகமாக. வழி நீள நீள பம்பு அதிகமாகத் தள்ள வேண்டும், அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் ஏறும். ஆக, முள் காட்டுவது வழியில் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதைத்தான். இதை நான் தல்லாகுளத்தில் இருந்த எங்கள் ஆபீசுக்கு எழுதியே விளக்கினேன்.

எழுத வேண்டி வந்த காரணம், ஆழம் கூடக் கூட முள் ஏறுவதைத் தினசரி அறிக்கையில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் எனக்கு மெமோ கொடுத்திருந்ததுதான். அழுத்தம் ஏன் கூடுகிறது, எண்ணெய் ஏன் இத்தனை செலவாகிறது என்று அவர் கேட்டார். ஆழம் கூடுகிறது என்று பதில் எழுதினேன். அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத் தெரிவிக்கவும் என்று இரண்டாவது மெமோ வந்தது. ஆழத்தைக் குறைக்கவா என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் அப்போது நான் தற்காலிக ஊழியன். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜையில் இருந்தது.

நூற்று அறுபது அடி போயிருந்தோம். மே மாதம் பாதி ஓடிவிட்டது. முள் நூற்றுப் பத்து ராத்தலில் நின்றது. ஒரு நாள் காலை எட்டு மணி சுமாருக்கு அது தானாகவே இறங்க ஆரம்பித்தது. நூறு, எண்பது, அறுபது. முனகிக்கொண்டிருந்த பம்பு தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது. சாம்பலைக் கரைத்த மாதிரி வந்துகொண்டிருந்த தண்ணீர் போகப் போகத் தெளிந்து, கண்ணாடி மாதிரி மேலே வந்தது.

ஊற்றுக் கண் திறந்துவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு குடத்தோடு வந்தார்கள். முன்சீப் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "தேனாட்டம் இருக்கு மிஸ்திரி!" என்றார். நேற்று நாங்கள் குழியில் கொட்டிய பீப்பாய்த் தண்ணீரைத்தான் அவர் குடித்தார். எனக்கு அது தெரியும். ஆனால் குலவை சத்தத்துக்கு நடுவில் நின்று பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும், அதை மறுத்துப் பேச வாய் வராது. ஏன் இப்படி ஆயிற்று என்று யோசிக்காமல், இனி மெமோ வராது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேரம் பார்த்து சூப்பர்வைசரும் வந்து இறங்கினார். கேஜைப் பார்த்தார். நாற்பத்தைந்து ராத்தல்.

"வெரி குட். சொன்னா செய்ய முடியுதுல்ல? எப்படிக் குறைச்சே?"

"பாறை கொஞ்சம் இளகியிருக்கு சார்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

விடுதியில் அவருக்கு உப்புமாவும் காபியும் தயாராயின. மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். டீச்சர் குடையோடு வந்து, பொங்கி வருகிற தண்ணீரையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் கலங்கலா வந்துச்சு. இப்பப் பாறையை அறுக்கிறதை நிறுத்திட்டீங்களா மிஸ்திரி?"

"இல்ல டீச்சர், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பாறை இளகிருச்சு."

"இளகுன பாறைன்னா மாவு கூடல்ல வரணும்? ஒண்ணுமே வரலையே. அந்த மாவெல்லாம் எங்க போகுது?"

மாவு வரவில்லை என்றால் தண்ணீர் அடிவரை போகவில்லை. போகவில்லை என்றால் வழியில் எங்கோ ராடில் ஓட்டை. குறுக்கு வழி கிடைத்த தண்ணீருக்கு எதிர்ப்பு ஏது? அதனால்தான் முள் இறங்கியிருக்கிறது. அங்கே அடியில் பிட்டு தண்ணீரில்லாமல் சூடேறிக்கொண்டிருக்கிறது, அறுத்த மாவு அதைச் சுற்றியே குவிந்துகொண்டிருக்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. மாயாண்டியைப் பார்த்தேன். அவன் கை எஞ்சினை நிறுத்தும் கம்பியில் இருந்தது. என் தலை அசைய வேண்டும் என்று காத்திருந்தான்.

நான் மரத்தடியைப் பார்த்தேன். சூப்பர்வைசர் அப்போதுதான் காபியை ஆற்ற ஆரம்பித்திருந்தார். இப்போது நிறுத்தினால், பாராட்டிய வாயாலேயே ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார். பாறை இளகவில்லை சார், நான் உளறினேன் என்று சொல்ல வேண்டும். அவர் காபி குடித்துவிட்டுப் போகட்டும், பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து, பொறு என்று மாயாண்டிக்குக் கையைக் காட்டிவிட்டேன். அவர் ருசித்துச் சாப்பிடுகிறவர். அரை மணி நேரம் ஆயிற்று.

அந்த அரை மணியின் முடிவில் எஞ்சின் ஒரு முறை திணறியது. பெல்ட் கிறீச்சிட்டு வழுக்கியது. ராடு சுற்றாமல் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. தெளிந்த தண்ணீர் மட்டும் அழகாக வந்துகொண்டே இருந்தது.

"ப்ரெஷரைக் கூட்டு" என்றார் சூப்பர்வைசர்.

"கூட்டுனா அம்புட்டும் ஓட்டை வழியாத்தான் சார் போகும்."

"ஜாக்கி வெச்சுத் தூக்கு."

"ஓட்டை விழுந்த இடத்துல அறுந்துரும் சார். பிட்டு அடியிலயே கிடக்கும்."

"அப்ப என்னதான்யா பண்ணப் போறே?"

ஒரே ஒரு வழி எனக்குத் தெரியும். கயிற்றைப் பிரித்து, முடிச்சுப் போட்ட நார்த் துண்டுகளை ராடுக்குள் போட்டுப் பம்பை ஓட்டினால், தண்ணீர் எங்கே வேகமாக வெளியேறுகிறதோ அங்கே நாரும் போய்ச் சிக்கி ஓட்டையை அடைக்கும். தண்ணீர் மறுபடி அடிக்குப் போகும், இறுகிய மாவு கரையும். ஆனால் நார் ஓட்டையைத் தாண்டிப் போய் பிட்டின் வாயை அடைத்துவிட்டால் கதை முடிந்தது. ராடு, பிட்டு, கிணறு எல்லாம் மண்ணுக்குள். இந்த வித்தையை எனக்குச் சொன்னவர் முன்பு வேறொரு இடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். அவர் செய்தபோது அது பலிக்காமல் போய், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனவே ரொம்ப அக்கறையாக, ஒவ்வொரு தப்பையும் விளக்கிச் சொல்லியிருந்தார்.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"புஸ்தகத்துல இல்ல சார். நீங்க உத்தரவு எழுதிக் குடுத்தா செய்வேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த மதுரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

நான் டீச்சரிடம் போய் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மூட்டை நான் சரியாக முறுக்கவில்லை, நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, பயந்துபோய் நிறுத்தவில்லை என்றேன்.

"நாரு பிட்டை அடைச்சுக்கிட்டா?"

"எல்லாம் போச்சு டீச்சர். இன்னொரு துளை போட ராடு கிடையாது."

"நாளைக்கு வரைக்கும் யோசிச்சுப் பாத்தா?"

"மாவு சிமிண்டி மாதிரி இறுகிரும்."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? செய்யுங்க." திரும்பி விடுதிப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்மா, அந்த வத்துன கிணத்துக் கயித்த எடுத்துட்டு வாங்க!"

விடுதிச் சமையல்காரியும் முன்சீப்பும் டீச்சரும் வெயிலிலேயே உட்கார்ந்து கயிற்றைப் பிரித்தார்கள். முன்சீப்புக்கு விரல் நுனி கிழிந்தது, துண்டைச் சுற்றிக்கொண்டு மேலே பிரித்தார். ராடின் மேல் மூடியைக் கழற்றி ஐந்து முடிச்சு நாரை உள்ளே போட்டேன். மாயாண்டி பம்பை மெதுவாக விட்டான். முள் நாற்பதில் நின்றது. அசையவில்லை. இன்னும் ஐந்து போட்டோம். முள் ஐம்பதுக்கு வந்து, தயங்கி, திடீரென்று தொண்ணூறுக்குத் தாவியது. பம்பு வலியெடுத்த மாடு மாதிரி முனகியது. அதே நேரம் மேலே வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது.

முள் ஏறுகிறது, தண்ணீர் வரவில்லை. பிட்டின் வாய் அடைத்துக்கொண்டாலும் இப்படித்தான் இருக்கும். நூறு. நூற்று இருபது. "நிறுத்திரவாண்ணே?" என்று கத்தினான் மாயாண்டி. பம்பை நிறுத்தினால் அடைத்த நார் இளகி மறுபடி ஓட்டை திறந்துகொள்ளும், நிறுத்தாவிட்டால் ராடு வெடிக்கலாம். "விடாதடா, புடி" என்றேன்.

துளையின் வாயில் கொடகொடவென்று ஒரு சத்தம் கேட்டது. கன்னங்கரேலென்று, கருகின இரும்பு வாடையோடு சேறு பொங்கி வந்தது. அந்த நாற்றத்தை நான் சந்தனம் மாதிரி முகர்ந்தேன். குடத்தோடு நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "நல்லா வந்த ஊத்தைக் கெடுத்துப்புட்டானுகளே பாவிக!" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அன்று முழுவதும் ஊரில் எனக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே சொல்ல முடியாது.

சாயங்காலத்துக்குள் ராடு முழுவதையும் மேலே எடுத்துவிட்டோம். காப்புக் கட்டிய மூட்டில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. மணல் கலந்த தண்ணீர் இடுக்கு வழியாகப் பாய்ந்து இரும்பையே அரித்திருந்தது. ஒரு பிசிறு மஞ்சள் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிட்டு வெந்து நீலம் பாரித்துக் கிடந்தது. முன்சீப் குனிந்து பார்த்தார்.

"நான் கட்டுனதாலயா மிஸ்திரி?"

"இல்லங்கய்யா. நான் முறுக்குனதால."

பிட்டு மதுரைக்குப் போயிற்று. கமிட்டி முன்னால் டீச்சர் நேரில் போய் நின்று, தண்ணீர் வரும்வரை பள்ளி திறப்பைத் தள்ளி வைக்கச் சம்மதம் வாங்கிவந்தார். பிட்டு திரும்பி வந்து, மேலும் முப்பது அடி துளைத்தபோது ஒரு பாறை வெடிப்பில் நிஜத் தண்ணீர் வந்தது. விடுதி பிழைத்தது. திறப்பு விழாவில் சூப்பர்வைசருக்கு மாலை போட்டார்கள். அழுத்தத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லித் தாம் கொடுத்த அறிவுரையைப் பற்றி அவர் விளக்கமாகப் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமாயிற்று.

ஆகவே தம்பிகளே, நீங்கள் எதுவும் செய்யாமலே வேலை திடீரென்று சுலபமாகிவிட்டால், முதலில் மிஷினை நிறுத்துங்கள். யார் எதிரே உட்கார்ந்து என்ன குடித்துக்கொண்டிருந்தாலும் சரி. நிறுத்தினால் திட்டு கிடைக்கும். திட்டு ஒரு நாளில் போய்விடும். இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதை உங்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விழா முடிந்து விடைபெற்றுக்கொள்ள டீச்சரின் அறைக்குப் போனேன். அவர் முன்னால் வருகைப் பதிவேடு விரித்திருந்தது.

"வாங்க மிஸ்திரி. முப்பத்தெட்டுப் பேரு வந்துட்டாங்க."

"நாப்பதுல்ல டீச்சர்?"

"ரெண்டு பேரு வரலை. பள்ளிக்கூடம் திறக்கிறது தள்ளிப் போச்சுன்னதும், இனி எங்க திறக்கப் போகுதுன்னு வைகாசிக் கடைசி முகூர்த்தத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. ரெண்டும் எட்டாவது." பேனாவை மையில் தொட்டார். "அந்த பிட்டு மதுரையில எத்தனை நாளு கிடந்துச்சு?"

"பதினெட்டு நாளு டீச்சர்."

"அன்னிக்கு நான் கேட்டவுடனே நிறுத்தியிருந்தா?"

பொய் சொல்ல முடியவில்லை. "அடுக்குல இன்னும் இறக்காத மிச்ச ராடு இருந்துச்சு. மாத்தி மாட்டிட்டு, மறுநாளே ஓட்டியிருப்போம்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்கேலை எடுத்துப் பதிவேட்டில் வைத்து, ஒரு பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார். மை காய ஊதிவிட்டு, ஸ்கேலைக் கீழே நகர்த்தி இன்னொரு பெயரின் மேலும் கோடு போட்டார்.